வலையொலி செய்வோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் நாம் அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. பெற்றோர் தமிழில் பேசுகின்றனர். குழந்தைகள் அதனை நன்றாகப் புரிந்துகொள்கின்றனர். இயன்றவரை தமிழிலேயே மறுமொழியும் கூறுகின்றனர். ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தால் திகைக்கின்றனர். மும்பையில் பயிலும் பிள்ளைக்குத் தேவநாகரி எழுத்துத் தெரியும். கொல்கத்தாவில் பயிலும் பிள்ளைக்கு வங்க எழுத்துத் தெரியும். தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு மட்டும் கிட்டவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது செவி வழியாக மட்டுமே வந்து சேரக்கூடிய செல்வமாக ஆகிவிட்டது.

முன்னாளில் இந்தச் செல்வத்தைத் தொலைவுக்குக் கொண்டு சேர்த்தது வானொலி. சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. லண்டனிலிருந்து பி.பி.சி. தனது தமிழ் ஒலிபரப்பை 1941இல் தொடங்கிற்று. 'தமிழோசை' என்னும் பெயரால் வழங்கிய அவ்வொலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று நிறைவு பெற்றது. இரவில் அலைவரிசையைத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்கிடையே தமிழ்க் குரலைத் தேடிப் பிடித்த அனுபவம் நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும்.

இன்று குரலைப் பதிவு செய்யும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியில் பேசிப் பதிந்து, இணையத்தின் வாயிலாக உலகெங்கும் அனுப்பிவிடலாம். இவ்வாறு தொடராக வெளியிடப்பெறும் ஒலிப்பதிவையே பாட்காஸ்ட் என்கிறோம். வலையொலி என்ற நல்ல தமிழ்ப் பெயரும் வழக்கில் வந்துள்ளது. ஆங்கிலத்தில் இச்சொல் முதன்முதலில் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் காணப்பட்டது. வானொலி நிகழ்ச்சி குறித்த நேரத்தில் வந்து, கேட்கத் தவறியவரைப் பொருட்படுத்தாது சென்றுவிடும். வலையொலியோ நேயர் வரும்வரை காத்திருக்கும். சமையல் செய்யும்போதும், இரயிலில் செல்லும்போதும், இரவில் விளக்கணைத்த பின்பும் அதனைக் கேட்கலாம்.

செய்வது எளிது என்பதனாலேயே இதில் பிழைகளும் மலிந்துள்ளன. அவற்றைப் பொதுவாகப் பட்டியலிடுவதைக் காட்டிலும் ஓர் ஊரையும் ஒரு வீட்டையும் மனத்தில் நிறுத்திக் காண்பது பயன் தரும். அதற்கு நாம் மீனாட்சிபுரத்துக்குச் செல்வோம்.

மீனாட்சிபுரம், கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில் இதற்கு ஒரு நிலையம் உண்டு. எல்லை கடந்து வரும் பாலைச் சோதித்து அனுப்பும் சாவடியும் இங்கே உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. அதற்கு முன்னர்ப் பாலக்காட்டின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தின் அங்கமாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. சித்தூர் வட்டமோ பழைய கொச்சி அரசைச் சார்ந்தது. ஆட்சிகளும் எல்லைகளும் மாறியபோதிலும் இப்பகுதி மக்கள் பலர் வீட்டில் தமிழே பேசி வருகின்றனர். நாம் பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து பிற மாநிலத் தமிழரானோம். அவர்கள் தம் வீட்டு வாசலை விட்டு அகலாமலே அந்நிலையில் இருக்கின்றனர். அவர்களது பேச்சில் கொங்குத் தமிழும் பாலக்காட்டு மலையாளமும் அருகருகே ஒலிக்கும்.

இவ்வூரில் எண்பது வயதுடைய ஒரு மூதாட்டி வாழ்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய மகள்வழிப் பேரக்குழந்தைகள் புனேயிலும் சூரத்திலும் இருக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் கேட்கத் தெரியும், படிக்கத் தெரியாது. உள்ளூரிலேயே கல்லூரியில் பயிலும் மற்றொரு பேரன், பாட்டி சொல்லும் பழங்கதைகளையும் அவர் கண்ட வாழ்க்கையையும் பதிவு செய்து வலையொலியாக வெளியிட விரும்புகிறான். நல்ல எண்ணமே. ஆயினும் எங்கெங்கே அவன் இடறக்கூடும்?

முதற் பிழை, யாரிடம் பேசுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் தொடங்குவது. உலகத் தமிழர் அனைவரையும் ஒருங்கே விளித்துப் பேசத் தொடங்கும் பேச்சு மேடைப்பேச்சாகவே முடியும். மேடையில் நிற்பவருக்கு எதிரே ஆயிரம் பேர் கூடியிருப்பர். ஒலிவாங்கியின் முன் அமர்பவருக்கோ ஒரு சமயத்தில் கேட்பவர் ஒருவரே. அவரும் பெரும்பாலும் தனித்திருந்து கேட்கிறார். ஆகவே நம் மாணவன் சூரத்தில் உள்ள பன்னிரண்டு வயதுத் தங்கையை மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எண்ணிப் பார்த்தாலே எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்பது தானே புலப்படும். 'ஏற்றம் இறைத்தார்கள்' என்று பாட்டி சொன்னால் சூரத்துச் சிறுமிக்கு அது விளங்காது. ஏற்றம் எப்படியிருக்கும் என்று அங்கேயே ஒரு கேள்வி கேட்பது பேரனின் கடமையாகும்.

இரண்டாவது பிழை, கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குப் படிப்பது. அச்சில் நீண்ட வாக்கியம் வந்தால் வாசகர் திரும்பிச் சென்று மீண்டும் படித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அது எளிதன்று. எழுவாயை முதலில் கூறிவிட்டுப் பயனிலையை இருபது சொற்களுக்கு அப்பால் வைத்தால், அது வந்து சேருமுன் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுகிறார். எனவே பேச்சுக்காக எழுதும்போது ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே இருத்தல் நலம். ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் 'அவர்', 'அங்கே' என்று சுட்டிக்கொண்டே போகாமல் இடையிடையே திரும்பக் கூற வேண்டும். எண்களை அடுக்கக் கூடாது. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிட வேண்டும்.

இக்கலையைப் பற்றித் தமிழில் முன்னரே சிந்தித்தவர்கள் உண்டு. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்ட யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதியுள்ளார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆயினும் காதால் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்ளும் மனித இயல்பு மாறவில்லை.

பேச்சு கேட்பவரை அடைந்தால் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சை மாவட்டம் தந்த சான்று ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 1960களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் வகை அங்கே அறிமுகமாயிற்று. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அந்நெல்லைப் பற்றி உழவர்களுக்குத் தொடர்ந்து எடுத்துரைத்தன. உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர். கேட்டதை நிலத்தில் இட்டுப் பார்க்கும் அளவுக்கு அக்குரலை அவர்கள் நம்பினார்கள் என்பதையே அப்பெயர் காட்டுகிறது. எந்த நிலத்தவர், எந்தப் பருவத்தில், எதை அறிய விரும்புகின்றனர் என்று தெரிந்து பேசியதன் பயன் அது.

மூன்றாவது பிழை, பதிவு செய்யும் இடத்தைப் பொருட்படுத்தாமை. மீனாட்சிபுரத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாயில் இவ்வூர் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாயின் வழியாகவே கிழக்கு நோக்கி விசையுடன் வீசும். ஆடி மாதத்தில் திண்ணையில் அமர்ந்து பதிவு செய்தால், பாட்டியின் குரலுக்கு மேலாகக் காற்றின் உறுமலே கேட்கும். நேரில் உட்கார்ந்திருக்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை. ஏனெனில் வேண்டாத ஒலியை ஒதுக்கிவிட்டு வேண்டிய குரலை மட்டும் பின்பற்றும் ஆற்றல் மனத்துக்கு உண்டு. ஒலிவாங்கிக்கு அந்த ஆற்றல் இல்லை. அதன் மெல்லிய சவ்வின் மீது காற்று நேரே மோதும்போது, அம்மோதலையும் ஒலியாகவே அது பதிவு செய்துவிடும்.

ஆகவே காற்றுக் காலத்தில் வீட்டினுள்ளேதான் பதிவு செய்ய வேண்டும். உள்ளேயும் எந்த அறை என்பது முக்கியம். வெறும் சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையும் உள்ள கூடத்தில் குரல் பட்டுத் திரும்பி, கிணற்றுக்குள் பேசுவது போல் ஒலிக்கும். துணிமணிகள் தொங்குகின்ற, கட்டிலும் மெத்தையும் உள்ள சிறிய அறையே சிறந்தது. துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் ஓசை கேட்குமாயின் கதவை அடைக்க வேண்டும். இரயில் வரும் நேரத்தையும் பேருந்துகள் ஒலியெழுப்பித் திரும்பும் நேரத்தையும் உள்ளூரார் அறிவர், அந்நேரங்களைத் தவிர்க்கலாம். பேச்சு தொடங்குமுன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிந்துகொள்வது நல்லது. பின்னர் எங்கேனும் ஒரு சொல்லை வெட்டி எடுக்க நேரின், அவ்விடத்தை நிரப்ப அந்த அமைதி உதவும். முழு வெறுமையை அங்கே வைத்தால் செவிக்கு உறுத்தும்.

நான்காவது பிழை, ஒலிவாங்கியைத் தொலைவில் வைப்பது. தொலைவு இரு மடங்கானால் வாயிலிருந்து நேரே வந்து சேரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுவரில் பட்டு வரும் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. எனவேதான் தொலைவில் வைத்துப் பதிந்த குரல் தெளிவற்று ஒலிக்கிறது. பின்னர் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். ஒரு சாண் தொலைவு பொருத்தமானது. மிக நெருங்கினாலும் குற்றமே. 'ப' என்னும் எழுத்தை ஒலிக்கும்போது உதடுகளிலிருந்து வெளிப்படும் காற்று ஒலிவாங்கியில் அறையும். அதனை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றே ஒரு பக்கமாக வைத்தால் இக்குறை நீங்கும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலிவாங்கி கீழ் விளிம்பில் உள்ளது. அதைக் கையால் மூடிவிடாமல், மடித்த துண்டின் மேல் கைப்பேசியை வைத்து, அவ்விளிம்பைப் பேசுபவர் பக்கம் திருப்ப வேண்டும். துண்டு மேசையின் அதிர்வையும் தடுக்கும்.

ஐந்தாவது பிழை, சோதித்துப் பாராமை. ஒரு மணி நேரம் பேசி முடித்த பின் கருவி பதியவே இல்லை என்று அறிவதைப் போன்ற துயரம் வேறில்லை. முதலில் இரண்டு நிமிடம் பதிந்து, காதில் பொருத்தும் கேட்பானில் கேட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்கு அழைப்பு வராதவாறு அமைத்துக்கொள்ள வேண்டும். ஒலியளவைக் காட்டும் குறி உச்சத்தைத் தொடுமாறு விடக்கூடாது. பாட்டி உரக்கச் சிரிக்கும்போது அது உச்சத்தைக் கடந்தால் ஒலி உடைந்துவிடும். அவ்வாறு உடைந்த ஒலியைப் பின்னர் முழுமையாகச் சீர்செய்ய இயலாது. மெதுவாகப் பதிந்ததை ஓரளவு உயர்த்திக்கொள்ளலாம்.

இனி, கருவியைச் சாராத பிழைகளுக்கு வருவோம். இவையே பெரியவை.

பேட்டி காண்பவர்கள் 'நீங்கள் சிறுவயதில் துன்பப்பட்டீர்களா?' என்று கேட்பார்கள். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லுடன் விடை முடிந்துவிடும். 'உங்களுக்குப் பத்து வயதானபோது காலையில் எழுந்ததும் முதலில் என்ன வேலை செய்வீர்கள்?' என்று கேட்டுப் பார்த்தால், சாணம் தெளித்ததும், கன்றை அவிழ்த்ததும், தண்ணீர் சுமந்த வழியும் ஒவ்வொன்றாக வரும். கேள்வி கேட்டபின் பொறுத்திருக்க வேண்டும். முதியவர் சற்றே நிறுத்தினால் அவர் முடித்துவிட்டார் என்று எண்ணி அடுத்த கேள்விக்குப் பாய்வது பெரும் பிழை. அந்த நிறுத்தத்துக்குப் பின்னரே பல வேளைகளில் மனத்தில் ஆழ்ந்து கிடந்தது வெளிவரும். இடையிடையே 'ம்', 'அப்படியா', 'சரி' என்று குரல் கொடுப்பதும் ஆகாது. நேரில் அது மரியாதை. பதிவில் அது பேசுபவரின் சொல்லை மறைக்கும். தலையசைத்தாலே போதும்.

மற்றொரு பிழை, பேச்சைத் திருத்துவது. ஒலிவாங்கியைக் கண்டதும் முதியவர்கள் தம் இயல்பான பேச்சை விட்டுவிட்டு, தாம் மேடையிலும் வானொலியிலும் கேட்ட தமிழுக்குத் தாவ முயல்வர். இளைஞர்களும் 'நல்ல தமிழில் சொல்லுங்கள்' என்று அவர்களைத் தூண்டுவதுண்டு. கட்டுரைக்கும் சொற்பொழிவுக்கும் இலக்கியத் தமிழ் வேண்டும். ஆனால் ஒருவர் தம் வாழ்வைச் சொல்லும்போது அவருடைய ஊர்ப்பேச்சே செம்மையானது. கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவளை 'அம்மிச்சி' என்பர். வீட்டுக்கு வரும் உறவினரை 'ஒறம்பரை' என்பர். இச்சொற்களை மாற்றிப் 'பாட்டி' என்றும் 'விருந்தினர்' என்றும் பேசச் செய்தால், புனேயில் உள்ள பிள்ளைக்குக் கிடைப்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும் தமிழ். தன் தாய் எந்தச் சொல்லால் அழைத்து வளர்ந்தாளோ, அந்தச் சொல்லை அது இழந்துவிடும். இடையே மலையாளச் சொல் வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. எல்லையில் வாழும் மக்களின் பேச்சு அவ்வாறே அமைந்திருக்கிறது. பொருள் விளங்காத இடத்தில் பேரன் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் போதுமானது.

அடுத்தது உரிமை பற்றிய பிழை. தொடக்கத்திலும் முடிவிலும் பிடித்த திரைப்பாடல் ஒன்றைச் சேர்த்துவிடுவது பலருடைய வழக்கம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி நூலுக்கும் பாட்டுக்கும் இசைக்கும் ஆசிரியர் வாழ்நாளும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையாகிவிட்டனவே என்று சிலர் கேட்பர். பாட்டின் சொற்கள் பொதுவுடைமையே. ஆனால் அதற்கு ஒருவர் இசையமைத்து, மற்றொருவர் பாடிய ஒலிப்பதிவு அவ்வாறாகாது. வீட்டுப் பெண்கள் பாடும் கும்மிப் பாட்டையோ தாலாட்டையோ அவர்கள் இசைவுடன் பதிந்து சேர்த்தால் சிக்கலும் இல்லை, சுவையும் மிகுதி.

இசைவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் பேசுவதாக எண்ணி முதியவர்கள் நிலத்தகராறு, திருமணப் பேச்சு, அண்டைவீட்டார் குறை ஆகியவற்றையும் மனந்திறந்து சொல்லிவிடுவர். இணையத்தில் வெளியானதைத் திரும்பப் பெறுவது அரிது. யார் யார் கேட்பார்கள் என்பதை முன்னதாகவே அவருக்கு எடுத்துரைத்து, பதிவு முடிந்தபின் அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கிவிட வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் செய்வதன்று. நம்மை நம்பிப் பேசியவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

வெட்டிச் சீரமைப்பதிலும் அளவு வேண்டும். ஒன்றையே மும்முறை சொன்னால் இருமுறையை நீக்கலாம். ஆனால் மூச்சு விடும் இடங்களையெல்லாம் வெட்டி நெருக்கினால் மனிதர் பேசுவது போல் இராது. பத்து அல்லது பதினைந்து நிமிடம் ஒரு பகுதிக்குப் போதும். முதல் நிமிடத்திலேயே கதைக்குள் நுழைந்துவிட வேண்டும். நன்றியுரையும் தன்னறிமுகமும் நீண்டால், கேட்கும் சிறுமி வேறொன்றுக்குத் தாவிவிடுவாள்.

வெளியிடுவதில் நம்மவர் எண்ணிப் பாராத பிழை ஒன்று உண்டு. தலைப்பையும் குறிப்பையும் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிவிடுகிறோம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்காகவே செய்த வலையொலியை அப்பிள்ளை எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கும்? தமிழோடு ஆங்கில எழுத்திலும், இயலுமாயின் அவர்கள் பயிலும் மாநில எழுத்திலும் தலைப்பை எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் எண்ணும், பதிந்த நாளும், ஊரும் குறிக்கப்பெற வேண்டும்.

நாள்தோறும் வெளியிடுவோம் என்று அறிவித்துவிட்டு இரண்டாவது வாரத்தில் ஓய்ந்துவிடுவதும் பரவலான பிழையே. பத்துப் பகுதிகள் என்று வரையறுத்து, நான்கைந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக வெளியிட்டு முறையாக நிறைவு செய்வது மேல். இறுதியாக, மூலப்பதிவை அழித்துவிடக் கூடாது. இணையத்துக்கு அனுப்புவதற்காகச் சுருக்கிய எம்.பி.3 கோப்பில் ஒலியின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கும். சுருக்காத மூலத்தை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் எதற்காக என்று கேட்கலாம். பிழையான கட்டுரையைத் திருத்தி எழுதலாம். ஆடிக்காற்றில் உறுமலாய்ப் போன பதிவை, பாட்டி நலமாக இருக்கும்வரை மீண்டும் செய்துகொள்ளலாம். அதன் பின்னர் இயலாது. பேரக்குழந்தைகள் தமிழ் எழுத்தைப் பிற்காலத்தில் கற்றுக்கொள்ளவும் கூடும். நூல்கள் அவர்களுக்காகக் காத்திருக்கும். அம்மிச்சியின் குரல் அவ்வாறு காத்திராது.

ஆகையால் நேயர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது விலையுயர்ந்த கருவி எதனையும் தேட வேண்டா. துணிகள் தொங்கும் ஒரு சிறிய அறை, மடித்த துண்டு ஒன்று, ஒரு சாண் தொலைவு, நல்ல கேள்விகள் சில, பொறுமை ஆகியவை போதும். விசிறியை நிறுத்திவிட்டு அவரைப் பேசச் சொல்வோம்; நாம் கேட்போம்.